மாப்பிள்ளைக்குப் பிடித்த ரோஜா

மெல்லிய சலாமி இறைச்சித் துண்டுகளை டம்ளர் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்து, தட்டில் கவிழ்த்து எடுத்தாள் மனைவி. சிவப்பாக ஒரு ரோஜா பூத்திருந்தது. அதைச் சுற்றி சீஸ் துண்டுகளை அடுக்கினாள்.

"அடுப்பே பத்த வைக்காம விருந்தா? இதைச் சாப்பிடணுமா, தலையில வச்சுக்கணுமா?" என்றார் கணவர்.

"கிண்டல் போதும். மாப்பிள்ளைக்கு இதுன்னா உயிர். கல்யாணமாகி ஜோடியா முதல்முதலா வர்றாங்க."

"அவங்க முன்னாடி கண்ணைக் கசக்கிட்டு நிக்காதே."

"நீங்க முதல்ல கண்ணைத் துடைங்க."

அழைப்பு மணி அடித்தது. மாப்பிள்ளை தலைகுனிந்தபடி உள்ளே வந்தான். கூட வந்தவள் வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"உள்ள வாம்மா. ஏன் அங்கேயே நின்னுட்டே?"

"உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலைங்க..."

மனைவி போய் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பிடிவாதம் பிடிச்சு மாப்பிள்ளையை உனக்குக் கட்டி வச்சதே நான்தானே? அம்மான்னே கூப்பிடு. எங்க பொண்ணு செத்ததுக்கப்புறம் என்னை அப்படிக் கூப்பிட யாருமே இல்ல."