ஆடாத தலை

பக்கவாட்டுக் கண்ணாடியில் மேம்பாலம் தெரிந்தது.

பின்னால்.

அவன் இன்னும் அதன் மேல் ஏறவே இல்லை.

ஏறியது நினைவில்லை. இறங்கியதும் நினைவில்லை. பாலத்துக்கு முன்னால் ஓர் இளநீர்க் கடை இருந்தது, அது நினைவிருக்கிறது. கடைக்காரர் வெயிலுக்குக் குடையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் கண்ணாடியில் பாலம். நடுவில் ஒன்றுமே இல்லை.

அட கடவுளே.

ஸ்டீரிங் கையில்தான் இருந்தது. கால் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது. கண்கூட மூடவில்லை. லாரி அதன் பாட்டுக்கு இடது ஓரமாக, யோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது.

முன்னால் ஒரு பைக். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. குழந்தை திரும்பி லாரியையே பார்த்துக்கொண்டு போனது. இந்த பைக் எப்போதிலிருந்து முன்னால் போகிறது?

தெரியவில்லை.

பிரேக்கை மிதிக்கவும் பயம். பின்னால் பெல்லாரியில் ஏற்றிய இரும்புக் கம்பி. சடாரென்று நிறுத்தினால் கம்பி கேபினைக் குத்திக்கொண்டு முன்னுக்கு வரும். கம்பிக்கும் அவன் முதுகுக்கும் நடுவே ஒரு பலகைப் படுக்கை. அதில் செங்கோடன் அண்ணன் படுத்திருந்தார். பெரிய டிரைவர். ராத்திரி முழுக்க ஓட்டியவர். மதியம் இவன் முறை.

ஏதோ யோசனையில் இருந்திருப்போம் என்று சொல்லிப் பார்த்தான். மனசு ஒப்பவில்லை.

அவனுக்கு இந்தத் தூக்கம் தெரியும். நன்றாகவே தெரியும்.

ஆபீசில் பழகியது.

அங்கே ஒன்பதரைக்கு விரல் வைக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அரை நாள் லீவு போச்சு. சாயந்திரம் நேரத்துக்கு எழுந்தால் மேனேஜர் மூஞ்சி கோணும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் சொக்கும். அந்த செக்‌ஷனில் எல்லோரும் பழகிக்கொண்டதுதான். கழுத்து நேராக, கை மவுசில், கண் பாதி திறந்தபடி திரையில். மேனேஜர் பின்னால் நடந்து போவார். தலை ஆடினால்தானே மாட்டுவோம்.

இத்தனை வருஷத்தில் இவன் தலை ஒருநாளும் ஆடியதில்லை. பக்கத்து சீட்டுக்காரன் கையெடுத்துக் கும்பிடுவான். நீ யோகிடா.

வேலையை விட்ட அன்று அவ்வளவு சந்தோஷம். இனி விரல் வைக்கும் மெஷின் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லை. வேலை நேரம் எதிலிருந்து எதுவரைக்கும் என்று லாரி ஓனரிடம் கேட்டான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரக்கு எறங்கற வரைக்கும்."

சரக்கு ஈரோட்டில் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் தொப்பூர் இருக்கிறது. மலையை வளைத்து வளைத்துக் கீழே போகும் ரோடு. போன நடையில் அங்கே ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. சக்கரங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. டிரைவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை.

மெல்ல மெல்ல ஓரம்கட்டினான். சாவியைத் திருப்பினான்.

சொல்லிவிட வேண்டும்.

சொன்னால் வேலை போய்விடும். தூங்குமூஞ்சி டிரைவர் என்று ஒரு தடவை பெயர் எடுத்தால் சங்ககிரியில் ஒரு ஓனரும் சாவி தர மாட்டார். ஆபீஸ் நாற்காலியிலும் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

சொல்லாவிட்டால்?

பின்னால் திரும்பினான். செங்கோடன் அண்ணனின் கண்கள் திறந்திருந்தன. செக்கச்செவேலென்று.

"என்ன தம்பி, ஒண்ணுக்கா?"

ஆமாம் என்று தலையசைத்தான்.

இறங்கிப் போய் ஒரு புளியமரத்தைப் பார்த்து நின்றான். ஒன்றும் வரவில்லை. வாக்கியத்தை மட்டும் மனசுக்குள் சரிசெய்தான். அண்ணா, மன்னிச்சுக்கங்க. அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு. எப்படி ஆரம்பித்தாலும் அந்தக் குழந்தையின் முகத்தில் போய் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

அவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணு சொல்லட்டா? நீ வந்து இது நாலாவது நடை. நீ ஓட்டறப்ப நான் பொட்டுத் தூக்கம் தூங்குனதில்ல. ஆபீஸ்காரப் பையன், சோத்துக்கு மேல சொக்கிருவான்னு உன் பொடனியவே பாத்துட்டுப் படுத்திருந்தேன். தலை ஆடுனா ஒரு அறை விடலாம்னு. ஒருக்காகூட ஆடலியே சாமி! எனக்கே ஆடும்."

அவன் வாயைத் திறந்தான்.

"இன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. இனி நான் நிம்மதியாத் தூங்குவேன். தொப்பூரையும் நீயே எறக்கீரு."

துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். படுத்த மாத்திரத்தில் குறட்டை வந்தது. நாலு நடையாக அடக்கி வைத்திருந்த குறட்டை.

அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். வெயில் கண்ணாடியில் கொதித்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. குறட்டை அசையவில்லை.

"அண்ணா, நான் தூங்கிட்டேண்ணா."

யாரையும் எழுப்பாத குரலில் சொன்னான்.

கொஞ்சம் காத்திருந்தான். இன்னொரு தடவையும் சொன்னான், அதே குரலில்.

சொல்லியாயிற்று.

சாவியைத் திருப்பினான்.