மோட்டார் கொட்டாய்க்கு ரெண்டு பூட்டு

"தீர்ப்பு வந்துடுச்சு மெம்பரே! இனிமே கோர்ட்டும் வேணாம், போலீசும் வேணாம்!"

கோலியனூர் டீக்கடைக்குள்ள ஃபோனைத் தூக்கிப் புடிச்சிக்கினு வந்தான் தமிழ்மணி. வார்டு மெம்பர் தேவநாதன் வாயில பாதி வடை.

"எந்தக் கேசுக்குடா?"

"எங்க போர்வெல் தண்ணி கேசுக்குத்தான். முதல் மொறை எனக்கா, எங்க அண்ணனுக்கான்னு ஏஐகிட்ட கேட்டேன். அது லஞ்சம் வாங்காது, ஆளு பாத்துப் பேசாது. நாட்டையே இது கையில குடுத்துடணும் மெம்பரே!"

சத்தமாவே படிச்சான். "'உங்கள் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. உங்கள் பொறுமை பாராட்டத்தக்கது.' பாத்தீங்களா!"

பக்கத்து பெஞ்சுல, பேப்பருக்குப் பின்னாடியிலேர்ந்து ஒரு கை நீண்டுச்சு. அதுலயும் ஒரு ஃபோன். அண்ணன் முருகையன்.

"இதையும் படிங்க மெம்பரே."

"'உங்கள் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. உங்கள் பொறுமை...' யோவ், இதுவும் அதேதானய்யா! டேய் தமிழு, நீ என்னான்னு கேட்ட?"

"ஓடா ஒழைக்கிற தம்பிய ஏமாத்துறாரே ஒரு அண்ணன், அது நியாயமான்னு கேட்டேன்."

"முருகையா, நீ?"

"தோள்ல தூக்கி வளத்த அண்ணனை எதுத்துப் பேசறானே ஒரு தம்பி, அது நியாயமான்னு கேட்டேன்."

மெம்பர் வடையை வச்சிட்டாரு. "சாமிகிட்ட பூ போட்டுப் பாத்தா கூட வெள்ளையோ செவப்போ ஏதோ ஒண்ணுதான்யா வரும்! இது ரெண்டு பேருக்கும் வெள்ளைப் பூவே குடுக்குது!"

விஷயம் இதுதான். அண்ணன் தம்பிக்கு ஒரே போரு, ஒரே மோட்டாரு. யாரு முதல்ல பாய்ச்சறதுன்னு போன வாரம் சண்டை. மோட்டார் கொட்டாய்க்கு முருகையன் ஒரு பூட்டு போட்டாரு. அதுக்கு மேல தமிழ்மணி ஒரு பூட்டு போட்டான். அவ்ளோதான், உள்ள ஈ கூட போவ முடியாது.

ரெண்டு பேரு நெலத்துலயும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. பூ உட்டு விழுது எறங்கற சமயம். இப்ப தண்ணி இல்லன்னா காயே புடிக்காது, வெறும் கொடியைத்தான் மாட்டுக்குப் போடணும்.

"செடி காஞ்சிருக்குமேய்யா?"ன்னாரு மெம்பர்.

"காயட்டும்! நான் திண்டிவனம் வக்கீலைப் பாத்துட்டேன்"ன்னான் தமிழ்மணி.

"நீ கேஸ் போடு. நான் போர்ல கல்லைப் போட்டு மூடறேன்"ன்னாரு முருகையன்.

"பேஜாரு பண்ணாதீங்கய்யா. வாங்க, வயலைப் பாத்துட்டுப் பேசலாம்."

மூணு பேரும் வண்டியில போய் எறங்கினாங்க. வரப்புக்கு இந்தப் பக்கம் முருகையன் பொண்டாட்டி தையல்நாயகி, அந்தப் பக்கம் தமிழ்மணி பொண்டாட்டி சித்ரா. ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகைக் காட்டிக்கினு களை எடுத்துக்கினு இருந்தாங்க.

மெம்பர் ஒரு கால்தான் வச்சாரு. செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு.

"என்னாய்யா இது, ஈரம்!"

ரெண்டு வயலும் பச்சைப் பசேல்னு நிக்குது!

தமிழ்மணி குதிச்சான். "மழை மெம்பரே! ஏஐ அப்பவே சொல்லிச்சு, மழைக்கு வாய்ப்பு இருக்குன்னு!"

"அடுத்த வயல்ல புழுதி பறக்குது. உன் வயலுக்கு மட்டும் பேஞ்சுச்சா?"

"நான் லொகேஷன் ஆன் பண்ணி வச்சிருந்தேன் மெம்பரே!"

முருகையன் தலையில அடிச்சிக்கினாரு. "போடா கூமுட்டை. ஏரித் தண்ணி வேணும்னு நான் சர்க்காருக்கு ஆன்லைன்ல மனு போட்டேன். ஆக்‌ஷன் எடுத்துட்டாங்க!"

"ஏரியில பசங்க கிரிக்கெட் ஆடிக்கினு இருக்கானுங்கய்யா!"

"அதான்... கீழால ஊறி வந்திருக்கும்."

மெம்பர் மோட்டார் கொட்டாயைத் திரும்பிப் பாத்தாரு. ரெண்டு பூட்டும் தொங்கிக்கினுதான் இருந்துச்சு.

"அப்போ கேசு? கல்லு?"

"சர்க்காரே தண்ணி உடுது, கல்லு எதுக்கு?"ன்னாரு முருகையன்.

"வக்கீலுக்கு வேற எதுக்கு தண்டம்? ஏஐ பாத்துக்கும்"ன்னான் தமிழ்மணி.

ரெண்டு பேரும் நெஞ்சை நிமித்திக்கினு வண்டிக்குப் போனாங்க. மெம்பர் மட்டும் மனசு கேக்காம நின்னாரு. "ஏம்மா, நீங்க ரெண்டு பேராவது பேசிக்கக் கூடாதா?"

"அவங்க மூஞ்சியில முழிச்சா சோறு கெடைக்காது!"ன்னா சித்ரா.

"அவ நெழலு கூட எங்க வரப்புல விழக் கூடாது!"ன்னாங்க தையல்நாயகி.

"நல்ல குடும்பம்யா!" மெம்பரும் கெளம்பிட்டாரு.

வண்டிச் சத்தம் ரோட்டுல போயி அடங்குச்சு.

தையல்நாயகி எட்டிப் பாத்தாங்க. முந்தானை முடிச்சை அவுத்து ஒரு சாவிய எடுத்தாங்க. "சித்ரா, த்ரீ பேஸ் கரண்டு வந்துடுச்சுடி. உன் சாவிய எடு, ஜல்தி!"

சித்ரா வரப்பைத் தாண்டி ஓடி வந்தா. "பூட்டு வாங்கினா ரெண்டு சாவி தருவாங்கன்றது கூட இவுங்களுக்கு ஞாபகம் இல்லக்கா. நேத்து முதல்ல எங்களுக்கு உட்டோம், இன்னிக்கி முதல்ல உங்களுக்கு."

"அது கெடக்கட்டும். எங்க வூட்டுக்காரரு செவனேன்னு பேப்பர் படிச்சிக்கினு கெடந்தாரு. அவருக்குத் தெரியாம ஃபோனை எடுத்தாரச் சொல்லி, அதுலயும் அந்த ஏஐய எதுக்குடி ஏத்திக் குடுத்த?"

பூட்டைத் தொறந்துக்கினே சித்ரா சிரிச்சா.

"ஒருத்தரு தோத்தா கோர்ட்டுக்குப் போவாங்கக்கா. ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டா டீக்கடைக்குத்தான் போவாங்க!"