பாதிப் பழச் சட்டம்

பஸ்ஸில் யார் வீட்டு விருந்தாளி வருகிறார் என்று பார்த்துவந்து கரைவது காக்கையின் வேலை. அதைக் கேட்டு முருங்கைமரத்துக் கிளி அழகாகத் திருப்பிச் சொல்லும், அதற்கு ஊரார் தரும் பழமெல்லாம் கிளிக்குத்தான்.

காக்கை கோயில் யானையிடம் முறையிட்டது. "இனி பழத்தில் பாதி காக்கைக்கு. இது சட்டம்!" என்றது யானை.

"அப்படின்னா உன் சேதியே எனக்கு வேண்டாம்" என்று கிளி வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் முருங்கைமரத்து வீட்டுக் கோமளாவின் மாமியார் நான்கு பையோடு வந்து இறங்கினாள். வீட்டில் உலைகூட வைக்கவில்லை. கோமளா காக்கைமேல் கரண்டியை வீசினாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, சனியனே!"

"காலையிலேர்ந்து கத்தறேனே, அம்மா!"

"நீ கத்தினா யாரு கேக்கறா? கிளி சொல்லலையே!"

சாயங்காலம் காக்கை எங்கோ திருடிய வாழைப்பழத்தோடு கிளியிடம் போனது. "தம்பி, முழுசும் நீயே சாப்பிடு. நாளைக்கு என் சேதியைச் சொல்லிடு."

கிளி பழத்தை முகர்ந்து பார்த்தது. "இதைவிடக் கொஞ்சம் பழுத்ததா கிடைக்கலையா?"