பள்ளம் விழுந்த இடம்
ஆன்டெனாவாக வெட்டிய கட்டைவிரல் நகமளவு செப்புத் தகட்டில் ஜெசிந்தா பிளேடால் ஒரு கீறல் போட்டு, அதன் குறுக்கே சின்ன ஸ்விட்ச் ஒன்றை வைத்திருந்தாள். மூடினால் மின்சாரம் நேராகப் போகும். ஆன்டெனா அவளுடைய கைடு சபாபதி வகுத்த அலைவரிசையில் பேசும். திறந்தால் கீறலைச் சுற்றிக்கொண்டு போகும், வேறு அலைவரிசையில் பேசும் என்பது அவள் கட்சி. "கமிட்டி முன்னால அந்த ஸ்விட்சைத் தொடாத. உன் பிஎச்டி என் கையெழுத்துலதான் இருக்கு" என்று காலையிலேயே சபாபதி சொல்லிவிட்டார். ஆன்டெனா எங்கே பேசுகிறதோ அங்கே அளக்கும் கருவியின் திரையில் ஓடும் கோட்டில் ஒரு பள்ளம் விழும். ஸ்விட்ச் மூடியிருந்ததால் சபாபதி வகுத்த இடத்தில் அது அழகாக விழுந்திருந்தது. ஆய்வைப் பார்க்க வந்த கமிட்டி தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா ஸ்விட்சைத் திறந்தாள். கோடு தட்டையானது. "செத்துப்போச்சு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார் சபாபதி. "சாகல சார். நீங்க காட்டுற இடத்துல இல்ல, அவ்வளவுதான்" என்றவள், அவர் குறுக்கி வைத்திருந்த திரையின் எல்லையை இடப்பக்கம் விரித்தாள். அங்கே ஒரு பள்ளம், பழையதைவிட ஆழமாக. சபாபதி சிரித்தார். "கை பக்கத்துல இருந்தா கோடு ஆடும்னு முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும். கையை எடும்மா." அது உண்மைதான், அளக்கும்போது அந்த லேபில் எல்லோரும் மேஜையை விட்டுத் தள்ளித்தான் நிற்பார்கள். ஜெசிந்தா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சரணடைகிறவளைப் போல, மெல்ல மெல்லச் சுவர்வரை பின்னால் போனாள். கமிட்டியில் ஒருவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பள்ளம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவள் கைகளை இறக்கவில்லை.