ஏழாம் நம்பர் டியூப்

ஏழாம் நம்பர் டியூபில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பது காலை பத்து மணிக்குத் தெரிந்தது. பத்தேகாலுக்கு, லேபைக் கூட்டித் துடைக்கிற அக்கா கொண்டுவந்த டீயை ஒருத்தரும் தொடவில்லை.

"வயிறு சரியில்லைக்கா," என்றார் ஒருவர்.

"நான் டீயை விட்டுட்டேன்," என்றார் இன்னொருவர். நேற்று மூன்று கப் குடித்த மனுஷன்.

நடந்தது இதுதான். புதுசாக வந்த சோதனைக் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, லேபில் இருக்கிறவர்களே போன வாரம் ரத்தம் கொடுத்தார்கள். டியூபில் பேர் கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் யாருடையது என்கிற நோட்டு பெரிய டாக்டரின் டிராயரில் பூட்டிக் கிடந்தது. நம்பருக்கு நேரே அதில் கையெழுத்துப் போட்ட அவசரத்தில் ஒருத்தருக்கும் தன் நம்பர் ஞாபகமில்லை.

பெரிய டாக்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எச்.ஐ.வி.யிலும் ஹெபடைட்டிஸிலும் இருபது வருஷ ஆராய்ச்சி. 'நோயாளியை ஒதுக்காதீர்கள்' என்று அவர் மேடையில் பேசினால் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

"வேற யாரா இருக்கும் சார்? நாமெல்லாம் படிச்சவங்க," என்றார் உதவி டாக்டர், குரலைத் தாழ்த்தி.

படிப்புக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தமோ, பெரிய டாக்டரும் தலையை ஆட்டினார்.

"நோட்டைப் பாத்துடலாமா சார்?"

"எதுக்கு? பாக்காமலேதான் தெரியுதே."

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் மேசையருகே வந்ததும் பெரிய டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"உக்காருங்கம்மா... இல்ல, அங்கயே நில்லுங்க. நீங்க கொஞ்ச நாள் வேலைக்கு வர வேணாம்."

"கொஞ்ச நாள்னா எத்தனை நாள் ஐயா?"

"அதான், கொஞ்ச நாள்."

"நான் நின்னா அந்த இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்களே. இந்த வேலையை நம்பித்தான் ரெண்டு பிள்ளைங்க காலேஜுக்குப் போகுது. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். காரணத்தைக் கேக்காதீங்க, அது ரகசியம்."

"எனக்கே ரகசியமா?"

உதவி டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லிக்கட்டுமா?"

"வேணாம்மா. உங்க உடம்பு விஷயம் உங்களோடயே இருக்கட்டும்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது, போன வாரம் எல்லாருக்கும் ரத்தம் எடுத்த பெண் பக்கத்து அறையிலிருந்து வந்தாள்.

"ஏழாம் நம்பர் அக்காவோடதா? யார் சொன்னது? அவங்க ரத்தமே குடுக்கலையே சார். அன்னிக்கு அவங்க லீவு."

"அதைத்தாம்மா சொல்ல வந்தேன்," என்றார் அக்கா.

உதவி டாக்டரின் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். அவரிடமிருந்து இன்னொருவர் நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு மூலை.

"நோட்டைத் திறந்துடுங்க சார்," என்றார் உதவி டாக்டர். "யாருன்னு தெரியாம எப்படிக் கூட இருந்து வேலை செய்யறது?"

பெரிய டாக்டர் பூட்டைத் திறந்தார். நோட்டை விரித்தார். விரல் மேலிருந்து கீழே இறங்கி, ஏழுக்கு நேரே நின்றது. நின்றது நின்றதுதான்.

முதலில் அக்காவைப் பார்த்தார்.

"நீங்க போய் வேலையப் பாருங்கம்மா. லீவெல்லாம் ஒண்ணும் வேணாம்."

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏன் எல்லாரும் மூலைக்கு மூலை நிக்கறீங்க? தொட்டா ஒட்டிக்கிற நோயா இது? பக்கத்துல உக்காந்தா வருமா? உங்களுக்கே தெரியலன்னா ஊருக்கு யார் சொல்றது?"

"அதெல்லாம் சரிதான் சார். ஏழு யாரு?" என்றார் உதவி டாக்டர்.

"அடுத்தவங்க நோயைப் பத்தி நாலு பேர் முன்னால கேக்கறீங்களே, கொஞ்சமாவது மனுஷத்தன்மை இருக்கா உங்களுக்கு?" என்றார் பெரிய டாக்டர், நோட்டில் இருந்த தன் கையெழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு.