ஆளுக்கொரு சாவி

சாவிப் பலகையில் ஒரு கொக்கியும் காலியில்லை. துகள் முடுக்கிச் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். கற்றை ஓடும்போது உள்ளே இருப்பவர் கதிர்வீச்சில் பிழைக்கமாட்டார் என்பதால், அத்தனையும் திரும்பி வந்து தொங்கினால்தான் உள்ளே எலெக்ட்ரான் கற்றை பாயும். பாய்ந்து புரோட்டானில் மோதிச் சிதறும். சிதறுகிற கோணத்தைப் பார்த்து அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று கணக்குப் போடுவார்கள். பச்சை விளக்கு எரிகிறது. இயக்குகிறவளின் விரல் பொத்தானுக்கு மேலேயே நிற்கிறது. கண் மட்டும் ஓரத்துக் கேமராத் திரையை விட்டு நகரமாட்டேன் என்கிறது. அங்கே, சுரங்கக் கதவுக்கு வெளியே, காலையில் பூட்ஸுக்கு மாறி உள்ளே இறங்கிய அவள் அண்ணனின் செருப்பு கிடக்கிறது; ஒன்று குப்புற. "சாவிதான் வந்துடுச்சேம்மா," என்கிறார் பின்னால் நிற்கும் விஞ்ஞானி. "யார் சார் கொண்டுவந்து மாட்டினது?" "குழாய் வேலைக்காரர். எல்லாருடையதையும் மொத்தமா வாங்கிட்டு வந்தாரு. உங்க அண்ணன் பூட்ஸோடயே வீட்டுக்குப் போற ஆள்தானே." அது பொய்யில்லை, அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் கூப்பிட்டுப் பார்க்கிறாள்; அண்ணனின் போன் மணியடிக்கவே மாட்டேன் என்கிறது. சுரங்கத்துக்குள் சிக்னல் கிடையாது. "இன்னிக்கு விட்டா இந்த மெஷின் மறுபடி எப்போ நம்ம கைக்கு வருமோ," என்று விஞ்ஞானி முணுமுணுக்கிறார். குளிரூட்டி உறுமுகிறது. திரையில் செருப்பு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அவள் எழுந்து போய், பலகையிலிருந்து அண்ணனின் சாவியைக் கழற்றி உள்ளங்கைக்குள் இறுக மூடிக்கொள்கிறாள். பச்சை அணைகிறது. "அண்ணன் வந்து தன் கையால மாட்டட்டும் சார்."