பூட்டிய கடையில் ஊமையான ரேடியோ

நேற்று மாலை இலங்கை வர்த்தக ஒலிபரப்பைக் கணீரென்று பாடிய ரேடியோ, பூட்டிய கடைக்குள் இருந்தபடியே இன்று காலை ஊமையாகியிருப்பது மெக்கானிக் பூமிநாதனுக்குப் புரியவில்லை. பின்மூடியைக் கழற்றுகிறான். ரேடியோவைப் பாடவைக்கும் கண்ணாடிக் குழாயான வால்வின் உச்சியில், உட்புறம் வெள்ளிப்பூச்சு பளபளக்க வேண்டும். காற்று புகுந்துவிட்டால்தான் அது இப்படிப் பாலாக வெளுக்கும். இது நேற்று அவன் மாட்டிய புது வால்வு இல்லை, யாரோ மாற்றி வைத்த பழசு. "எங்க வீட்டு எருமை இதவிட நல்லாப் பாடும்லே," என்கிறாள் பரமக்குடி பஸ்ஸில் வந்திறங்கிய ராமலெட்சுமி. ரேடியோ அவளுடையது. மேனேஜர் நீலகண்டன் கடைச்சாவியை விரலில் சுழற்றுகிறார். "புதுச உருவி வித்துருப்பான்," என்று அவளிடம் சொல்லிவிட்டு இவனிடம் திரும்புகிறார். "இன்னொரு பெட்டி இப்படி ஆச்சு, நீ வேலைக்கு வராத." பழுது பார்த்த பெட்டி ஓரிரவு கடையில் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம், சாவியும் அவரிடம் மட்டுமே. அதை வாய்விட்டுச் சொன்னால் வேலை இந்த நிமிடமே போய்விடும். பூமிநாதன் வேறொரு புது வால்வை அவள் கண்ணெதிரே மாட்டி, மூடியைத் திருகுகிறான். பார்சலுக்கு உருக்கும் சிவப்பு அரக்கைத் திருகாணிகளின் மேல் சொட்டவிடுகிறான். சாவி சுழல்வது நிற்கிறது. "சூடு தணிஞ்சிருச்சு ஆத்தா, இன்னும் இறுகல. பெருவிரல வச்சு அழுத்துங்க," என்கிறான். அவள் ஒவ்வொன்றாக அழுத்துகிறாள். இனி ராமலெட்சுமியின் ரேகையை உடைக்காமல் யாரும் அந்த மூடியைத் திறக்க முடியாது.